பஸ் ஏறிப் போன மின்னஞ்சல்

நெட்டு வந்துதான் பெண்பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. கல்யாணப் பந்தியிலோ கோவில் கொடைத் திருவிழாவிலோ அந்தப் பேச்சை எடுப்பதற்கு முன்னால் என்னை ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று நானே எழுதிவிடுகிறேன். எங்கள் ஊரில் அப்படிக் கெட்டுப்போன முதல் ஆள் நான்தான். எப்படிக் கெட்டேன் என்பதையும் நானே சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொல்லும்போது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். கோவில்பட்டியில் கணக்குப் பாடத்தில் பட்டம் முடித்துவிட்டு, அங்கேயே ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு வாத்திச்சியாக இருந்தேன். எங்கள் ஊர் எட்டயபுரம் போகிற வழியில், பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் கரிசலில் நடக்க வேண்டிய ஊர். மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் ஃபோர்மேன். தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் பக்கம் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். அம்மா வீட்டில் கட்டை அடுக்குவாள். குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் வரிசையாக வைத்து, மருந்து முக்குவதற்கு ஆபீஸுக்கு அனுப்புகிற வேலை அது.

பள்ளிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் பிரவுசிங் சென்டர் இருந்தது. அதற்கு முன்பு அது எஸ்.டி.டி. பூத். நடத்தியவர் அதே அண்ணாச்சிதான். போன் பெட்டிகளை எடுத்துவிட்டு, பிளைவுட் தடுப்பு அடித்து, ஆறு கம்ப்யூட்டர் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூப்போட்ட திரை தொங்கவிட்டிருந்தார். அந்தத் திரைக்குப் பின்னால் என்னென்னவோ நடப்பதாக ஊரெல்லாம் பேச்சு. எனக்குத் தெரிந்து நடந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு பக்கம் திறக்க ஐந்து நிமிஷம் வேர்த்து விறுவிறுக்கக் காத்திருப்போம், அது திறக்கிற நேரத்தில் கரண்ட் போகும்.

ஆனால் தடுப்புக்குள் போய் உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்ற எல்லோருக்கும் நெட் என்றால் அண்ணாச்சிதான். கோவில்பட்டியைச் சுற்றி இருபது ஊரில் வேலைக்கு மனுப் போடுகிறவர்கள், வெளிநாட்டில் பிள்ளை இருப்பவர்கள், கல்யாணத்துக்குப் பயோடேட்டா அடிப்பவர்கள் எல்லோரும் மெயில் முகவரி என்ற இடத்தில் அண்ணாச்சி கடையின் முகவரியையே எழுதினார்கள். போஸ்ட் ஆபீஸ் ஊருக்கு ஒன்று போதும் என்றால் மெயிலுக்கு மட்டும் ஆளுக்கொன்று எதற்கு என்பது அவர்கள் நியாயம். வருகிற மெயிலையெல்லாம் அண்ணாச்சி தினமும் இரண்டு வேளை திறந்து வாசித்து, பிரிண்ட் எடுத்து, நான்காக மடித்து ஸ்டேப்ளர் அடித்து, மேலே ஊர்ப்பெயரும் வீட்டு அடையாளமும் எழுதி, கீழே மருந்துக் கடையில் கழித்துப் போட்ட மாத்திரை ஸ்டாண்டில் செருகி வைப்பார். டவுனுக்கு வருகிற ஊர்க்காரர் யாராவது எட்டிப் பார்த்து, "எங்க ஊருக்கு ஏதும் வந்திருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டு வாங்கிப் போவார். யாரும் வராவிட்டால் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். துபாயிலிருந்து ஒரு நொடியில் கோவில்பட்டிக்கு வந்த கடிதம், கோவில்பட்டியிலிருந்து எங்கள் ஊருக்கு வர இரண்டு நாள் ஆகும்.

வழியில் எத்தனை பேர் வாசிப்பார்கள் என்று கேட்கக் கூடாது. ஸ்டேப்ளர் பின் ஒன்றும் அரக்கு முத்திரை இல்லையே.

எனக்கும் அந்த முகவரிதான். கோயம்புத்தூரில் ஒரு பெரிய பள்ளிக்கு, வீட்டில் சொல்லாமல், மனுப் போட்டிருந்தேன். சனிக்கிழமை நேர்காணலுக்கு வரச்சொல்லிப் புதன்கிழமையே மெயில் வந்துவிட்டது. பள்ளிக்குக் காலாண்டு லீவு, நான் டவுனுக்குப் போகாமல் ஊரில் இருந்தேன். அண்ணாச்சி அதை எங்கள் ஊரிலிருந்து சந்தைக்கு ஆடு கொண்டுவந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சந்தையிலிருந்து அப்படியே மகள் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊருக்குத் திரும்பி, டீக்கடையில் வைத்து அப்பாவிடம் அதைக் கொடுத்தார். டீக்கடை முழுக்க வாசித்து முடித்த பிறகுதான் கொடுத்தார்.

"மகள கோயம்புத்தூருக்கு வேலைக்கு அனுப்பப் போறீங்களாமே" என்று பெஞ்சில் இருந்த ஒருவர் கேட்டபோதுதான் அப்பாவுக்கே விஷயம் தெரியும். அன்றைக்கு வீட்டில் நடந்ததை எழுத வேண்டாம். எனக்கு அப்பாவின் ஏச்சு பெரிதாகப் படவில்லை. முடிந்துபோன ஒரு சனிக்கிழமையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேனே, அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போனேன்.

"பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா அண்ணாச்சி?"

"நல்லாருக்கே. பக்கத்து வீட்டுக்குப் போட்டா அவியளுக்குத் தெரிஞ்சிரும்லா? உனக்கு வந்தது ரகசியமா இருக்கணும்னுதானம்மா கைக்கடுதாசியாக் குடுத்தனுப்புனேன்."

அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். மோசமான மனிதர் இல்லை. அவரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்ததும், திரையை விலக்கிக்கொண்டு நான்காம் நம்பர் தடுப்புக்குள் போய் உட்கார்ந்து, எனக்கென்று சொந்தமாக ஒரு முகவரி திறந்தேன். பாஸ்வேர்ட் கேட்டது. என்ன போடுவது என்று வெகுநேரம் யோசித்தேன். எங்கள் வீட்டில் பீரோ சாவி, டிரங்குப் பெட்டிச் சாவி, சைக்கிள் சாவி எல்லாம் ஒரே ஆணியில் தொங்கும். எனக்கு மட்டும் தெரிந்து, வேறு யாரும் திறக்க முடியாத ஒரு பூட்டு அதுவரை எனக்கு இருந்ததில்லை. அதை அடித்து முடித்தபோது எனக்கு ஒரு பயமும் வந்தது, ஒரு திமிரும் வந்தது. பயம் ஒரு வாரத்தில் போய்விட்டது.

வெளியே வந்தால் அண்ணாச்சி ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினார். ஊரில் சொந்த முகவரி வைத்திருக்கிற பத்துப் பதினைந்து பேரின் பாஸ்வேர்டும் அதில் பெயரோடு வரிசையாக இருந்தது.

"எழுதிட்டுப் போம்மா. மறந்துட்டேன்னு எல்லாரும் பெறவு இங்கனதான் வருதாவ."

"எனக்கு மறக்காது அண்ணாச்சி."

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுதாவ" என்றார். நான் எழுதவில்லை. அந்த நோட்டில் ஒரு வரி எனக்காகக் காலியாக விட்டு வைத்திருந்தார் என்று பின்னால் தெரிந்தது.

கோயம்புத்தூர் மெயில் வீட்டில் கிளப்பின கலவரத்துக்குப் பிறகு அப்பா மும்முரமாக மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார். நான்கு மாதத்தில் ஒரு இடம் வந்தது. கழுகுமலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பையன் மஸ்கட்டில் சூப்பர்வைசர். அவனுடைய அம்மாவும் தாய்மாமனும் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பார்க்கக் கிடைத்தது ஒரு போட்டோ. யாருடைய காரோ தெரியவில்லை, அதில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். முகம் நல்ல முகமாகத்தான் இருந்தது. ஆனால் முகத்தோடு மட்டும் எப்படிக் குடும்பம் நடத்துவது? குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. கோபக்காரனா, சாதுவா, தெரியாது. நான் வேலைக்குப் போகலாமா என்று அம்மாவிடம் கேட்டால் அப்பாவிடம் கேட்கச் சொன்னாள். அப்பாவிடம் கேட்டால், "அதெல்லாம் பெறவு பாத்துக்கிடலாம்" என்றார். பிறகு என்பது தாலி ஏறின பிறகு என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பயோடேட்டாவின் கடைசி வரியில் ஒரு மெயில் முகவரி இருந்தது. முருகன் பெயரும் நான்கு எண்களும். கழுகுமலைப் பக்கத்தில் ஆண்களில் பாதிப் பேருக்கு முருகன் பெயர்தான், மாப்பிள்ளைக்கும் முருகனுடைய பெயர்களில் ஒன்றுதான். வெளிநாட்டில் இருக்கிறவனுக்குச் சொந்தமாக ஒன்று இல்லாமலா போகும் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை பள்ளி முடிந்து, அதே நான்காம் நம்பர் தடுப்பில் உட்கார்ந்து எழுதினேன். தமிழ் எழுத்து அப்போது அங்கே கிடையாது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும். பாதியில் ஒரு தடவை கரண்ட் போய் எல்லாம் அழிந்தது. திரும்பவும் முதலிலிருந்து அடித்தேன்.

மரியாதையாகத்தான் எழுதினேன். வணக்கம் சொல்லி, நான் யார் என்று சொல்லி, கேட்பதைத் தப்பாக நினைக்க வேண்டாம் என்று சொல்லி, நான்கு கேள்வி கேட்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போகலாமா? நான் இருக்கப்போவது மஸ்கட்டிலா, உங்கள் அம்மா வீட்டிலா? என் போட்டோவைப் பார்த்து நீங்களே சரி என்று சொன்னீர்களா, அல்லது சொல்ல வைத்தார்களா? நான்காவது: பயோடேட்டாவில் சூப்பர்வைசர் என்று இருக்கிறது, நிஜமாக என்ன வேலை செய்கிறீர்கள்? எந்த வேலையாக இருந்தாலும் எனக்குக் குறைச்சல் இல்லை, ஆனால் அதை நீங்கள் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்து நாள் தினமும் படியேறிப் பார்த்தேன். பதில் இல்லை. அதற்குள் பேச்சு முடிக்க நாள் குறித்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில், சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். இலை போட்டுச் சாப்பிட்டு விட்டால் முடிந்தது, ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் பின்வாங்குவது மரியாதை இல்லை. அன்றைக்கு அவர்கள் சாப்பிடத்தான் வந்தார்கள். அம்மா காலை நான்கு மணிக்கே அடுப்பு மூட்டி, வடை, பாயாசம் எல்லாம் செய்து, இலையும் நறுக்கி வைத்திருந்தாள். இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினைந்து பேர் முன் அறையில் இருந்தார்கள். என்னை வந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

தாய்மாமன் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நான்காக மடித்திருந்தது. மூலையில் ஸ்டேப்ளர் பின். மேலே பேனாவால் ஊர்ப்பெயரும் 'தெக்குத்தெரு வேப்பமரத்து வீடு' என்றும் எழுதியிருந்தது.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கழுகுமலையிலும் ஒரு கடை இருக்கிறது. அங்கேயும் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். அந்த முருகன் மாப்பிள்ளை இல்லை, கடை. நான் ஒரு பிளைவுட் தடுப்புக்குள் யாருக்கும் தெரியாமல் எழுதியது, கழுகுமலையில் பிரிண்ட் ஆகி, கண்டக்டர் பையில் பஸ் ஏறி, வேப்பமரத்து வீட்டில் போய் இறங்கியிருக்கிறது. ஊரையெல்லாம் ஏளனம் பண்ணினவள், அதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் எழுதினதற்காக இல்லை, விசாரிக்காமல் அனுப்பின மடத்தனத்துக்காக.

"உங்க மக எழுதுன லெட்டரு அண்ணாச்சி. எல்லாரும் கேக்கட்டும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அவர் வாசித்தார். இங்கிலீஷ் எழுத்தில் இருந்த தமிழை எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தார். என் வகுப்பில் ஒரு பிள்ளை அப்படி வாசித்தால் உட்காரச் சொல்லியிருப்பேன். ஒரு கேள்வி முடிந்ததும் தலையை நிமிர்த்தி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார், பிறகு அடுத்தது. மூன்று வாசித்துவிட்டுக் காகிதத்தை மடித்தார்.

அப்பா முகத்தில் ரத்தம் இல்லை. "எனக்குத் தெரியாது அண்ணாச்சி. சத்தியமாத் தெரியாது" என்றார்.

"தெரிஞ்சிருந்தா விட்டுருப்பீங்களா? அதனாலதான் பேச்ச முறிக்காம வந்திருக்கோம். படிச்ச புள்ள, ஏதோ ஒரு வேகத்துல செஞ்சிட்டு. தப்புன்னு இந்தச் சபைல ஒரு வார்த்த சொல்லட்டும். இனிமே அந்தக் கடைக்குப் போகக் கூடாது, அந்த முகவரியையும் அழிச்சிரணும். சொல்லிட்டா இப்பமே இலையப் போடுங்க, சாப்பிட்டுட்டு நாள் குறிப்போம்."

"சொல்லிருவா. இனி போகமாட்டா" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பி, "ஏட்டி, சொல்லு" என்றார்.

பதினைந்து பேரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அப்பாவின் மானம் அந்த நிமிஷமே மீண்டுவிடும், அம்மா நறுக்கிய இலை வீணாகாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், இனி என் வாழ்க்கையில் எதைக் கேட்பதென்றாலும் யாரோ ஒருவர் சட்டைப்பை வழியாகத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

"மாமா" என்றேன். சம்பந்தம் கூடினாலும் கூடாவிட்டாலும் அந்த வயதுக்காரர்கள் எங்களுக்கு மாமாதான். "நாலாவது கேள்விய விட்டுட்டீங்க."

அவர் காகிதத்தைப் பைக்குள் வைக்கப் போன கை அப்படியே நின்றது.

"எழுதுனது நாலு. நீங்க வாசிச்சது மூணு. சபைல வாசிக்கணும்னா முழுசா வாசிங்க. இல்லைன்னா எங்கிட்டக் குடுங்க, நான் வாசிக்கேன். அது நான் எழுதுனது, படிக்க வேண்டியது மாப்பிள்ளை. நடுவுல நீங்க யாரு எடுத்து வச்சிருக்கிறதுக்கு?"

"பாத்தீங்களா பேச்ச" என்றார் அவர், அப்பாவிடம்.

"பேச்சுல என்ன தப்பு மாமா? என்ன வேலை பாக்குறாருன்னு கேட்டிருக்கேன். அவருகிட்ட நாலு வார்த்த கேக்குறதுக்கு இங்கன மன்னிப்புக் கேக்கணும்னா, பெறவு அந்த வீட்டுக்கு வந்து நான் என்னத்தப் பேச?"

மாப்பிள்ளையின் அம்மா அதுவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், 'என்ன வேலை' என்றதும் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். நான் அதைக் கவனித்தேன். என் அம்மாவும் கவனித்தாள். வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள்.

அப்பா திண்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பதினைந்து பேருக்கான சோறு ஆறிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஒரு இலையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டு, பாயாசத்தை முதலில் வைத்தாள்.

"தின்னு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த நாலாவது கேள்வி எனக்கும் மனசுல கெடந்துது. நாந்தான் கேக்கல" என்றாள். என் வாழ்நாளில் அவள் என்னைப் பாராட்டியது என்றால் அதுதான். அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

பேச்சு எப்படிப் பரவியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாளில் என் கடிதம் காதல் கடிதம் ஆனது. ஒரு வாரத்தில் அதோடு போட்டோவும் போயிருந்ததாம். பள்ளியில் தலைமையாசிரியை கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்றார். இருக்கிறேன் என்றேன். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மா மூலமாக ஒரே ஒரு உத்தரவு வந்தது: இனி அந்தக் கடைப் படி ஏறக் கூடாது.

ஏறினேன். அடுத்த சனிக்கிழமையே ஏறினேன். நான்காம் நம்பர் தடுப்பின் திரையை ஒரு ஓரமாக ஒதுக்கி, கம்பியில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு உட்கார்ந்தேன். பார்க்கிறவர்கள் தாராளமாகப் பார்க்கட்டும். சிலர் நின்றுகூடப் பார்த்தார்கள். கோவில்பட்டி வெயிலில் மாடிப்படி ஏறி வந்து, ஒரு பெண் கீபோர்டில் தட்டுவதைப் பார்த்துவிட்டு இறங்கிப் போகிறவர்களிடம் எனக்கு இரக்கம்தான் வந்தது.

ஒரு மாதம் கழித்து என் பெட்டியில் மஸ்கட்டிலிருந்து ஒரு மெயில் கிடந்தது. ஊரில் சண்டை என்று கேள்விப்பட்டு, அம்மாவிடம் போனில் துருவித் துருவிக் கேட்டிருக்கிறான். பிறகு கழுகுமலைக் கடைக்கே போன் போட்டு, அவர்கள் பெட்டியில் இன்னும் இருந்த என் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, என் முகவரியை எழுதிக்கொண்டானாம். அந்தப் பொதுப் பெட்டியால் நடந்த ஒரே நன்மை அதுதான்.

அவனும் இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழ் எழுதியிருந்தான். நான்கு கேள்விக்கும் பதில் இருந்தது. வேலைக்குப் போக அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள், தான் சொன்னாலும் நடக்காது. மனைவியைக் கூட்டிப் போக அவனுக்கு விசா கிடைக்காது, நான் அம்மாவோடு ஊரில்தான் இருக்க வேண்டும், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் வருவான். போட்டோவைப் பார்த்துப் பிடித்திருந்தது, யாரும் வற்புறுத்தவில்லை. நான்காவதுக்கு, குடோனில் லோடு தூக்குகிறேன் என்று எழுதியிருந்தான். ஏழு வருஷமாக அதே வேலை. சூப்பர்வைசர் என்று போட்டது மாமா. "இதுவரைக்கும் எங்கிட்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இவ்வளவையும் படிச்ச பெறவும் உங்களுக்குச் சம்மதமா?"

மூன்று தடவை வாசித்தேன். திரையை ஒதுக்கிக் கட்டியிருந்ததால் நான் அழுததை அண்ணாச்சி பார்த்துவிட்டார். அந்த மனிதன்மேல் எனக்குப் பிரியமே வந்தது என்று சொன்னால் பொய்யில்லை. கதை எழுதுகிறவர்கள் யாராவது இருந்தால் இந்த இடத்தில் எங்களுக்குக் கல்யாணம் செய்து வைத்திருப்பார்கள். நான் பதில் எழுதினேன். லோடு தூக்குவது ஒரு குறையும் இல்லை, உண்மையைச் சொன்னதால் உங்கள்மேல் மரியாதை கூடியிருக்கிறது. ஆனால் முதல் இரண்டு பதிலோடு என்னால் வாழ முடியாது, எனக்குச் சம்மதம் இல்லை. மறுநாள் ஒரு வரி வந்தது: "நீங்க கேட்டதே நல்லதாப் போச்சு."

அண்ணாச்சி பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி. மஸ்கட்டிலிருந்து பதில் வந்திருப்பது அப்பா காதுக்குப் போய்விட்டது. ஐந்து வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நேராக என்னிடம் பேசினார்.

"என்ன எழுதியிருக்காரு? காயிதத்தக் கொண்டா."

"காயிதம் எடுக்கலப்பா. எடுத்திருந்தாலும் தரமாட்டேன், அது எனக்கு வந்தது. என்ன சொன்னாருன்னு வேணும்னாச் சொல்லுதேன்."

அவருக்குக் கை ஓங்குகிற வழக்கம் உண்டு. அன்றைக்கு ஓங்கவில்லை. நான் சொன்னேன். மகள் அந்த ஊரில் மாமியாரோடு இருக்க வேண்டும், மாப்பிள்ளை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், வேலைக்குப் போக முடியாது. அப்பாவுக்கு இதெல்லாம் புதுச் செய்தி. அவரிடம் தாய்மாமன், ஆறு மாதத்தில் விசா வந்துவிடும் என்று சொல்லியிருந்தாராம்.

"அந்த நாலாவதுக்கு என்ன சொன்னாரு?"

"அத அவருகிட்டதான் கேக்கணும்" என்றேன். அவன் என்னை நம்பிச் சொன்னதை வீட்டில் வைத்துப் பேச எனக்கு மனசில்லை. இங்கே யார் பெயரும் இல்லை என்பதால்தான் இப்போது எழுதுகிறேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிப் போனார். நான் சனிக்கிழமைதோறும் படியேறுவதைப் பற்றி அதற்குப் பிறகு வீட்டில் யாரும் பேசவில்லை.

ஏழெட்டு மாதம் யாரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. எட்டயபுரத்துத் தரகர்தான் முதலில் துணிந்து வந்தார். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், நல்ல குடும்பம், பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டும் சரி என்கிறார்கள் என்று சொல்லி, பயோடேட்டாவை அப்பா கையில் கொடுத்தார். கேள்விப்பட்டும் என்ற வார்த்தை எனக்கு உள்ளே வரைக்கும் கேட்டது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே மெதுவாக வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் விரலை அதன்மேல் வைத்தார்.

"இந்த மெயிலு மாப்பிள்ளையோடதா, கடையோடதா?"

தரகருக்குப் புரியவில்லை. "கடைன்னா என்ன அண்ணாச்சி?"

"மாப்பிள்ளை தன் கையால தொறந்து படிக்கிறதான்னு கேக்குதேன். வெசாரிச்சிட்டு வாங்க. எம் மக அவருகிட்ட நாலு கேள்வி கேக்கணும். அதுக்கு அவரு பதில் சொன்ன பெறவு பொண்ணு பாக்க வரட்டும்."

நான் அடுப்படியில் அம்மாவோடு கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே குரல் கொடுத்தேன்.

"நாலு இல்லப்பா, ஆறு."